றினோஸா செய்த சிவப்புப் பட்டன்

என் பக்கத்து வீட்டு றினோஸாவைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நற்பிட்டிமுனையில் அவள் இருக்கும் வீடு, கலியாணத்துக்கு அவளைப் பெற்ற வாப்பா அவள் பெயரில் எழுதிக் கொடுத்தது. கம்பியூட்டரும் வாப்பா வாங்கிக் கொடுத்ததுதான். மாப்பிள்ளை றாஸிக் ஒரு பெட்டியோடு வந்து குடியேறினான். கல்முனையில் டிசைன் கடை வைத்திருக்கிறான். கடையில் அவன் கதைப்பான், வீட்டில் அவள் செய்வாள். ஏழு வருசமாய் இதுதான் நடக்கிறது. ஊருக்கு அவன் பெரிய டிசைனர்.

போன நெல் போகத்தில் விவசாயிகள் சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் தேவைப்பட்டது. விதைநெல்லுக்குப் பதிய அதில் ஒரு பட்டன். "தட்டையா இரிந்தா எங்கட ஆக்கள் படமெண்டு நெனச்சிப் பாத்துட்டுப் போயிருவாங்க. பளபளண்டு மினுங்கோணும்" என்றார் சங்கத் தலைவர் சீனிமுகம்மது.

றினோஸா நாலு நாள் அதோடு கிடந்தாள். போட்டோஷொப்பில் மூலை வளைந்த ஒரு பெட்டி கீறி, மேலே இளஞ்சிவப்பும் கீழே கடுஞ்சிவப்புமாய் நிறம் ஓடவிட்டாள். மேல் பாதியில் வெள்ளை நீள்வட்டம் ஒன்றைப் போட்டு, கீழே இருப்பது தெரியும்படி அதை மங்கவைத்தாள். பட்டன் கண்ணாடி போல் மினுங்கியது. என் விரல் தானாக அதை அமத்தப் போனது.

"தளத்துக்கு அடியில 'வடிவமைப்பு' எண்டு ஒரு வரி இரிக்கி. இந்த ஒரு தரம் என்ட பேரப் போடுவமா?" என்று அவனிடம் கேட்டாள்.

"ஓம், திறப்பு விழா முடியட்டும்" என்றான். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவைத்தாள்.

விழாவில் பெண்களை மறைப்புச் சீலைக்குப் பின்னால் கதிரைகளில் உட்காரவைத்தார்கள். சுவரில் விழுந்த கம்பியூட்டர்ப் படம் மட்டும் எங்களுக்கும் தெரிந்தது. றாஸிக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதோடு விட்டிருக்கலாம். "அந்தப் பட்டன ஒருக்காச் செய்து காட்டுங்க" என்று சீனிமுகம்மது கேட்டுவிட்டார். றாஸிக் பெட்டியைக் கீறி, வெள்ளையைக் கொண்டுபோய்க் கீழ்ப் பாதியில் போட்டான். யாரோ சிரித்தார்கள்.

"கடையில இருந்து அவசரப் போன் கோல் ஒண்டு" என்று அவன் மைக்கில் சொல்வது கேட்டது. றினோஸாவின் கையில் போன் அதிர்ந்தது, அவன்தான்.

"எடுக்காதகா. நிண்டு முழிக்கட்டும்" என்றேன். முதல் தரம் விட்டாள். இரண்டாம் தரம் எடுத்தாள்.

"அழிங்க. மேல் பாதியில போடுங்க. வெளிச்சம் மேல இருந்துதானே வாறது. இப்ப மங்கவைங்க… அவ்வளவு காணும்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். சுவரில் பட்டன் மினுங்கியது. மண்டபமே கைதட்டியது.

முன் கதிரைப் பெண், அவள் வீட்டுக்குச் சமையல் சொல்கிறாள் என்று நினைத்துத் திரும்பி, "கறிய அடுப்பில விட்டுட்டா வந்த?" என்று சிரித்தாள்.

றாஸிக் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான். சங்கத்துக்குச் சொன்னான். கதிரை தந்தவருக்கும் சொன்னான். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும், நான் நிற்கிறேன் என்றும் பாராமல் அவளில் பாய்ந்தான். "மொதல் கோல ஏன் எடுக்கல்ல? என்ட மானம் போகப் பாத்திச்சி."

"அந்தப் பேரு…" என்றாள் அவள்.

"இனி எப்பிடி? நான் செய்யிறத ஊரே கண்ணால பாத்திச்சே. என்ட பேரப் போடு."

றினோஸா என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியூட்டர் முன் உட்கார்ந்து, வெறுமையாய் இருந்த இடத்தில் 'றாஸிக்' என்று தட்டினாள்.

"எழுத்து சின்னனா இரிக்கி" என்றான்.

பெரிதாக்கினாள்.