எங்கள் ஹோல்வேயில் ஒரு சென்றி

என் மனிசனுக்குப் பழைய படங்களில் பைத்தியம். சாமிப் படமோ சினிமாப் படமோ என்றால் நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். இவருக்குப் பிடித்தவை பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர் செப்புத் தகட்டில் கீறி, அச்சடித்து, கையால் வண்ணம் பூசி விற்ற கேலிப் படங்கள். அதிலும் ஆமிக்காரரை, இராணுவத்துச் சிப்பாய்களைக் கேலி செய்யும் படங்கள் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஆமிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த ஒரு மனிசன், ரொறன்ரோவில் வீடு வாங்கி, அந்த வீட்டுச் சுவரிலே ஆமிக்காரனைக் கொண்டுவந்து மாட்டினால் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? நான் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது.

எல்லாம் அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டுக்காரர் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் தொடங்கியது. நான் குசினிக்கு ஒரு சின்ன அலுமாரி பார்க்கப் போனேன். இவர் ஓர் அட்டைப் பெட்டிக்குள் தலையை விட்டார். திரும்பி வரும்போது காரில் அலுமாரி இல்லை, பெட்டி இருந்தது. உள்ளே இருந்தவை அசல் படங்கள்கூட இல்லை, பிற்காலத்தில் அச்சடித்த நகல்கள். அதை நான் சொன்னால் மட்டும் இவருக்கு மூக்கு நுனியில் கோபம் வரும்.

உண்மையைச் சொன்னால் சில படங்கள் எனக்கும் பிடித்துத்தான் இருந்தன. தொப்பை தள்ளிய அதிகாரி ஒருவரை நாலு சிப்பாய்கள் மூச்சிரைக்கக் குதிரையில் ஏற்றுகிறார்கள். ஊர்க் கடைக்காரர்களுக்கு ஆமி உடுப்புப் போட்டுத் திரும்பச் சொன்னால் ஒருவன் இடப்பக்கம் திரும்புகிறான், அடுத்தவன் வலப்பக்கம் திரும்பி அவன் மூக்கில் முட்டுகிறான். இடையிடையே சாதாரண சனம்: மீன் விற்கிறவள், உடுப்புத் தோய்க்கிறவள், வாயைப் பிளந்துகொண்டு பல்லுப் பிடுங்கக் கொடுக்கிறவன். முதுகில் பிள்ளையையும் கையில் கேத்திலையும் தூக்கிக்கொண்டு படைக்குப் பின்னால் நடக்கிற ஒரு சிப்பாயின் மனைவியும் இருந்தாள். அவள் முகத்தில் இருந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் பழகிய எரிச்சல்.

மற்றவை பேஸ்மென்றுக்குப் போயின. ஒன்றை மட்டும் மேல்மாடி ஹோல்வேயில், படுக்கையறைகளுக்கும் குளியலறைக்கும் நடுவிலே மாட்ட வேண்டும் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். கோழி திருடிய சிப்பாயின் படம். சிவப்புக் கோட்டும் தோளில் சாய்த்த நீட்டுத் துவக்குமாக, ஒன்றும் நடக்காததுபோல நேரே பார்த்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறான். கோட்டுப் பொக்கற்றுக்குள்ளிருந்து கோழியின் இரண்டு கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கோட்டின் வாலை ஒரு நாய் கவ்விப் பிடித்திருக்கிறது. பின்னால் குசினி வாசலில் ஒரு பெண் அகப்பையை ஓங்கியபடி நிற்கிறாள். ஆனால் இதெல்லாம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எட்டத்தில் நின்று பார்த்தால் ஒரு கோட்டும் ஒரு துவக்கும் மட்டும்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா வந்தார். எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. நான் வெளிக்கிட்ட பிறகும் ஊரிலேயே இருந்து எல்லாவற்றையும் கண்டவர். விசிற்றர் விசா கிடைக்கும் என்று நாங்கள் நம்பியிருக்கவே இல்லை. விமான நிலையத்தில் அவரைக் கண்டதும் நான் அழுத அழுகையில் பக்கத்தில் நின்றவர்கள் யாரோ செத்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீடு பிள்ளைகள் வேலை தேடி வேறு நகரங்களுக்குப் போன பிறகு வெறிச்சென்று கிடந்தது. அக்கா வந்ததும் வீட்டில் மனிச வாடை வந்தது. விசா முடியும்வரை, முடிந்தால் அதை நீட்டியும், அவரை என்னோடு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

இந்த நாட்டில் அக்காவுக்கு முதலில் பிடித்தது தூசு உறிஞ்சும் வாக்யூம். பிளாசாக்கள் பிடிக்கவில்லை, குளிர் பிடிக்கவில்லை, எங்கள் தேத்தண்ணீர்கூடப் பிடிக்கவில்லை. வாக்யூமைப் பிடித்துத் தள்ளுவதில் மட்டும் அப்படி ஒரு சந்தோசம். நான் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. காலையில் தேத்தண்ணீர் குடித்த கையோடு மேலே போய்த் தொடங்கிவிடுவார்.

ஆனால் கொஞ்ச நாள் போக, அக்காவின் முகம் வாடத் தொடங்கியது. மேலே படுக்காமல் கீழே சோபாவில் படுத்தார். கேட்டால், "படி ஏற முழங்கால் உளையுது" என்றார். வாக்யூமோடு ஏறும்போது உளையாத முழங்கால்! பிறகு ஒருநாள், மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் சித்தியின் மகள் வீட்டுக்குப் போய் இருக்கப் போவதாகச் சொன்னார்.

"இஞ்சை என்ன குறை அக்கா?"

"ஒரு குறையும் இல்லை. அவளும் வரச் சொல்லிக் கேக்கிறாள்."

"எத்தினை நாளைக்கு?"

"பாப்பம்."

அந்தப் "பாப்பம்" என்ற சொல்லிலேயே அக்கா திரும்பி வரமாட்டார் என்று எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்கள் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். சித்தியின் மகள் சனிக்கிழமை காரோடு வருவதாக ஒழுங்கு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் வேலைக்குப் போய்விடுவதால் தனிமையோ, சமையலில் உறைப்புப் போதாதோ, இவர் ஏதும் சொல்லிவிட்டாரோ என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். இவரைப் பிடித்து விசாரித்தேன். "நான் உங்கடை அக்காவோடை கோழிக் கறியைப் பற்றி மட்டும்தான் கதைச்சனான்" என்றார் பாவம்.

வியாழக்கிழமை எனக்கு லீவு. கீழே குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மேலே வாக்யூம் இரைந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இரைந்தது. ஹோல்வேயின் மறு முனைக்குப் போய்த் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நின்று, அதே மாதிரித் தொடங்கியது. மெசின் பழுது, புதிதாக ஒன்று வாங்கச் சொல்லி எத்தனை தரம் சொன்னேன் என்று வீட்டில் இருந்த இவருக்குப் பேச்சு விழுந்தது. பேச்சை முடித்துவிட்டுப் பார்க்கப் போனேன்.

படியில் பாதி ஏறும்போதே கம்பளம் என் கண்மட்டத்தில் தெரிந்தது. முழுக்கத் துப்புரவு. நடுவிலே மட்டும், சுவரில் இருந்து சுவர்வரை, ஒரு முழ அகலத்துக்குத் தூசு கிடந்தது. அது சரியாக அந்தப் படத்துக்கு முன்னால்.

அக்கா படத்தை நெருங்கினார். வாக்யூமை நிற்பாட்டினார். தலையைக் குனிந்து, கைபிடியை இரண்டு கையாலும் பிடித்து, அவசரப்படாமலும் சுணங்காமலும் உருட்டிக்கொண்டு போனார். படத்தைத் தாண்டி இரண்டு எட்டு வைத்த பிறகுதான் திரும்பவும் போட்டார்.

எனக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஊரில் ஆமிக்காரன் துவக்கோடு காவல் நின்ற சென்றி ஒவ்வொன்றிலும் சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நிமிர்ந்து பார்க்கக் கூடாது, குனிந்து ஓடவும் கூடாது. தாண்டிக் கொஞ்சத் தூரம் போய்த்தான் ஏறலாம். அப்படி நானும் உருட்டியிருக்கிறேன். அக்கா என்னைவிட எவ்வளவோ காலம் உருட்டியவர். குளியலறைக்குப் போகிற ஒவ்வொரு முறையும், இருட்டிலும்கூட, என் அக்கா என் வீட்டுக்குள் சென்றி தாண்டிக்கொண்டிருந்திருக்கிறார். படியிலேயே இருந்து அழுதேன்.

இவரிடம் சொன்னதும் மனிசனின் முகம் செத்துப்போனது. மேலே போய்ப் படத்தைக் கழற்றினார். அதைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வரும்போது அக்கா சாப்பாட்டு மேசையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். இவர் திகைத்துப்போய், மறைக்க இடமில்லாமல், படத்தை அந்த மேசையிலேயே வைத்துவிட்டார். அதுவும் நிமிர்த்தி.

"ஏன் தம்பி உதைக் கழட்டினனீங்கள்?"

"சும்மா அக்கா. தூசு."

"பொய் சொல்லாதேங்கோ. உவள் அழுத கண்ணோடை நிக்கிறாள்."

நான்தான் விசயத்தை உடைத்தேன். "அக்கா, உதாலேயோ நீங்கள் போறியள்?"

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முதல் தடவையாக அந்தப் படத்தைக் கிட்டத்தில் பார்க்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரலைப் படத்தின் கண்ணாடியில் வைத்து மெல்ல நகர்த்தினார். பொக்கற்றில் வந்து விரல் நின்றது.

"உது கோழிக்காலே?"

"ஓம் அக்கா. களவெடுத்த கோழி."

"உவள் ஆர்?"

"கோழிக்குச் சொந்தக்காரி."

"ஆர் உதைக் கீறினது?"

"அவையே. இங்கிலீசுக்காரர்தான்" என்றார் இவர். "கடைக் கண்ணாடியிலை வெளியாலை பாக்க மாட்டி வைப்பினம். சனம் றோட்டிலை கூடி நிண்டு பாத்துச் சிரிக்கும்."

"தங்கடை ஆமியையோ?"

"தங்கடை ஆமியைத்தான்."

அக்கா பயற்றங்காயை மேசையில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், அகப்பை ஓங்கிய பெண்ணைப் பார்த்தபடியே சொன்னார்.

"என்னட்டை ஒரு புள்ளிக்கோழி நிண்டது. நல்லா முட்டை இடும். சென்றியிலை நிண்ட பெடியன் ஒருத்தன் படலைக்குள்ளை வந்து அதைப் பிடிச்சான். எனக்கு மகன் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். நான் குசினி வாசலிலை நிண்டனான். கையிலை அகப்பையும் இருந்தது. நான் என்ன சொன்னனான் தெரியுமே? கொண்டு போங்கோ ஐயா எண்டு சொன்னனான். சிரிச்சுக்கொண்டு சொன்னனான். கோழி போனது பறவாயில்லை. அந்த ஐயாதான் இண்டைக்கும் நெஞ்சுக்குள்ளை நிக்குது."

இவர் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தை இப்போதே வெளியே கொண்டுபோய்ப் போடுவதாகச் சொன்னார்.

"வேண்டாம்" என்றார் அக்கா. "இருந்த இடத்திலையே மாட்டுங்கோ. அவள் அடிக்கப் போற நேரத்திலை ஏன் கழட்டுறியள்?"

மாட்டினோம். ஆனால் மோர்னிங்சைட் பயணத்தைப் பற்றி அக்கா வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவும் சோபாவில்தான் படுத்தார். சனிக்கிழமை விடியவே அவருடைய பெட்டி கதவடியில் நின்றது. நானாகக் கேட்டு மறுபடியும் ஒரு "பாப்பம்" வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. கட்டிக் கொடுத்து அனுப்பப் புட்டு அவித்தேன். இடிந்துபோய் அவித்ததால் கட்டி கட்டியாக வந்தது.

மேலே வாக்யூம் சத்தம் கேட்டது. போகிற நேரத்திலும் வீட்டைக் கூட்டாமல் போகமாட்டார். அறைகளை முடித்து ஹோல்வேக்கு வருவது கேட்டது. வழமையான இடத்துக்கு வந்தது. நின்றது.

அவ்வளவுதான், போகத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் மெசின் உருளும் சத்தம் கேட்கவில்லை. அக்காவின் குரல்தான் கேட்டது. அவருடைய குரலே இல்லை. தமிழ் சரியாகத் தெரியாத சென்றிக்காரன் அந்தக் காலத்தில் எங்களை அதட்டிய அதே குரல், அதே உடைந்த தமிழ்.

"ஏய்! நில்லு! எங்க போறது?"

நான் பூனைபோலப் படியேறிப் பார்த்தேன். அக்கா ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றக் கையை நீட்டியபடி, படத்துக்கு நேரே நின்றார்.

"ஐசி எங்க? ஐசி எடு!"

அடையாள அட்டைக்காகக் கொஞ்ச நேரம் காத்து நின்றார். சிவப்புக் கோட்டுக்காரன் நேரே பார்த்தபடி விறைத்துப்போய் நின்றான்.

"ஐசி இல்லையோ? அப்ப கோழியை வைச்சிட்டுப் போடா."

பிறகு வாக்யூமைப் போட்டு, அந்த ஒரு முழக் கம்பளத்தையும் அழுத்தி அழுத்திக் கூட்டினார். திரும்பும்போது என்னைக் கண்டார். வெட்கமும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்தார். வாக்யூமின் இரைச்சலுக்கு மேலாகச் சத்தம் போட்டுச் சொன்னார்:

"மோர்னிங்சைட்டுக்கு ஃபோனைப் போட்டு அவளை வரவேண்டாம் எண்டு சொல்லு. உவனை நம்பி வீட்டை விட்டிட்டு நான் எங்கை போறது?"