விட்டுக்கொடுத்த இரண்டு முழம்

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூலைச் சுண்டின. நூல் அதிர்ந்து, அடங்கி, நேராக நின்றது. விரல்கள் அதை நம்பவில்லை. முளைக்குச்சியின் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தன. அடிமண்ணை அமுக்கின. முடிச்சை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்து, வேறு முடிச்சாகப் போட்டன. சிமெண்ட் தின்று தின்று ரேகை மங்கிப்போன கைகள் அவை. வலது சுண்டுவிரல் மட்டும் என்றோ ஒரு கம்பத்துக்கடியில் சிக்கி வெளிப்பக்கமாக வளைந்து, எப்போதும் யாரையோ குற்றம் சொல்வதுபோல நீட்டிக்கொண்டிருந்தது.

"மறுபடி அள," என்றாள் கைகளுக்கு உரியவள்.

"இந்தக் கல்லுலேருந்து அந்தக் கல்லுக்கு அளந்தாச்சு. அந்தக் கல்லுலேருந்து இந்தக் கல்லுக்கும் அளந்தாச்சு. கல்லு என்ன அண்ணி, எந்திரிச்சு நடந்தா போயிடும்?" என்றாள் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த நாத்தனார்.

"கல்லு நடக்காதுடி. மனுஷன் நடத்துவான்."

தொழிலில் இருப்பவர்கள் அந்த வேலிக்காரிக்கு 'மறுபடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைக்காரர் ஆணியை எண்ணிக் கொடுத்தால் அவர் கண்ணெதிரிலேயே மறுபடி எண்ணுவாள். லாரி ஓட்டுகிற புருஷன் வெளியூரிலிருந்து போன் செய்து "சாப்பிட்டேன்" என்றால், "என்ன சாப்பிட்டே?" என்று கேட்பாள். சொன்னதும், "அந்த ஊர்ல இந்நேரத்துக்கு அது எங்கே கிடைச்சுது?" என்பாள்.

அது பிறவிக் குணமல்ல. ஆரம்பத்தில் ஒரு மேஸ்திரியிடம் நூல் பிடிக்கும் வேலைக்குப் போனாள். குழிக்கு எவ்வளவு ஆழம், கலவைக்கு எது பதம், ஈரக் கலவையில் கம்பம் எந்தப் பக்கம் சாயப் பார்க்கும் என்பதை எல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த மேஸ்திரி ஒருமுறை வீட்டுக்காரர் ஒருவரிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு, வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை. பக்கத்து வீட்டுக்காரர் அளந்து பார்த்துச் சத்தம் போட்டபோது, "நூல் பிடிச்சது அந்தப் பொம்பளை" என்று இவள் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் நூலைக்கூட நம்புவதில்லை.

இப்போது சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறாள். இந்தப் புதுக் குடியிருப்பில் வீடுகளின் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய தாள்கூட உரிக்கப்படவில்லை. விதிகள் மட்டும் எல்லோருக்கும் முன்னால் குடிவந்துவிட்டன. வேலி எல்லைக்கல்லை விட்டு விலகக் கூடாது. வாசல் பக்கம் மார்பளவு உயரம், கொல்லைப் பக்கம் தலைக்கு மேல் ஒரு சாண். பலகையின் வழவழப்பான முகம் பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். சட்டமும் திருகாணியும் வேலி போடுகிற வீட்டுக்காரர் பக்கம். ஒரு சுவரை நகர்த்துவதானாலும் குடியிருப்பு அலுவலகத்தில் கேட்டுத்தான்.

புதிதாக வீடு வாங்கி வந்த ஒருவர் போடச் சொன்ன இதுதான் இந்தத் தெருவில் முதல் வேலி. இது விதிப்படி நின்றால் தெருவின் மற்ற வேலிகளும் உனக்குத்தான் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பிசகினால் பிடுங்க வைப்பார்கள். பிறகு இந்தக் குடியிருப்புக்குள் காலெடுத்து வைக்க முடியாது. பழைய மேஸ்திரியின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அந்த வாசலை மிதிப்பதைவிட வெறுங்கையால் குழி தோண்டலாம் என்றிருந்தது அவளுக்கு.

நூல் கட்டி முடித்த நேரத்தில் டீ வந்தது.

பக்கத்து வீட்டு டீச்சர் தட்டில் வைத்து எடுத்து வந்தார். ஓய்வு பெற்றவர். சுற்றிலும் வெறும் மனைகளாக இருந்த காலத்திலேயே இங்கே வீடு கட்டி வந்து, எல்லையோரம் ஒரு மரத்தையும் வைத்து வளர்த்துவிட்டவர். தெருவில் நிழல் என்று இருந்தது அந்த மரத்தடி ஒன்றுதான். நூலிலிருந்து ஒரு முழம் தள்ளி, டீச்சரின் மண்ணில் நின்றது அது.

டீ கொடுப்பவர்களைப் பற்றி வேலிக்காரிக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் கொடுத்தால் நல்ல மனசு. டீ கொடுத்தால் ஒரு விரற்கடை மண் வேண்டும். பிஸ்கட்டும் சேர்ந்து வந்தால் ஒரு சாண். அன்று பிஸ்கட்டோடு கேக்கும் வந்திருந்தது.

"வீட்டையே கேப்பாங்க போல," என்று நாத்தனாரின் காதில் முணுமுணுத்தாள்.

டீச்சர் கேட்டது தலைகீழாக இருந்தது. "ஏம்மா, இந்த நூலை என் பக்கமா ரெண்டு முழம் தள்ளிக் கட்டேன்."

"உங்க பக்கமாவா?"

"என் பக்கமாத்தான். மரத்துக்கு இந்தண்டை."

"அப்படிப் போட்டா உங்க மண்ணுதான் டீச்சர் அவருக்குப் போகும். மரமும் போயிடும்."

"போனா போகட்டும். போகும்போது எதைக் கட்டிக்கிட்டுப் போகப்போறோம்? புதுசா வந்திருக்கற பையன், நிழல்ல உக்காரட்டுமே."

விரற்கடை மண்ணுக்காக அண்ணனும் தம்பியும் மண்வெட்டியைத் தூக்கியதை அவள் பார்த்திருக்கிறாள். குறைத்துக்கொள்ளக் கெஞ்சிய ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். அவள் டீயைத் தொடவில்லை. நாத்தனார் இரண்டு டம்ளரையும் காலி செய்தாள்.

புது வீட்டுக்காரர் மதியம் வந்தார். மருந்து விற்கும் வேலை; காதிலிருந்து போன் இறங்காது. அவரும் லேசுப்பட்டவரல்ல. பேசிக்கொண்டே வந்தாலும் கண் சிமெண்ட் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும். டீச்சர் சொன்னதைக் கேட்டதும் போனையே அணைத்துவிட்டார்.

"அவங்களே சொன்னாங்களா? அப்புறம் ஏம்மா நின்னுக்கிட்டிருக்கே? தள்ளிப் போடு. மரத்தடியில ஒரு பெஞ்ச் போட்டுடலாம்."

"அப்படின்னா ரெண்டு பேரும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா தள்ளிப் போட விடுவாங்க."

"ஆபீஸ் எதுக்கு? நூறு கேள்வி கேப்பாங்க, அதுக்குள்ள அந்தம்மா மனசு மாறிடும். சத்தமில்லாமப் போட்டுடு."

டீச்சரிடம் போய்க் கேட்டாள். "ஆபீஸ் எதுக்கும்மா? நமக்குள்ள இருக்கற விஷயம். சத்தமில்லாமப் போட்டுடு," என்றார் டீச்சர்.

சண்டைக்காரர்கள் நடுவில் வேலி போடுவது சுலபம். அவர்கள் கண் ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும். சேர்ந்து சிரிக்கிறவர்கள் நடுவில் போடும்போதுதான் வேலிக்காரி தன் முதுகைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"எலி சும்மா அம்மணமா ஓடாதுடி," என்றாள் வீடு திரும்பும்போது.

"அவங்க நல்லவங்க அண்ணி. உனக்கு நிழல்லகூட ஆள் நிக்குது."

அந்த இரண்டு முழ மண்ணுக்கடியில் தூர்த்த கிணறு இருக்குமோ என்று நினைத்தாள். அப்படியானால் முதல் மழைக்கே மண் இறங்கி வேலி படுத்துவிடும். மறுநாள் காலை, டீச்சர் காட்டிய இடத்திலேயே ஒரு குழி போட்டுப் பார்த்தாள். ஜன்னலில் டீச்சரின் முகம் மலர்ந்தது. கடப்பாறை இறங்க மறுத்தது; கொத்துப்படாத இறுகிய மண். கிணறும் இல்லை, குப்பையும் இல்லை. கைவிட்டுத் துழாவினாள். முன்னங்கை கனத்தில் ஒரு வேர் தட்டுப்பட்டது. மண்ணைச் சுரண்டிக்கொண்டே போனாள். வேர் நேராக டீச்சர் வீட்டுச் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது நாத்தனாரைக் காணவில்லை. அவள் டீச்சரின் சமையலறை ஜன்னலோரம் டம்ளரோடு நின்று, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்காரி கடப்பாறையைக் குழியோரம் ஊன்றினாள்.

"இங்கே வாடி. தள்ளிப் போட்டா உனக்கு என்ன தர்றதாச் சொன்னாங்க?"

 நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒரு டம்ளர் டீக்கு உன் பொழைப்பை வித்துடுவேனா? நீ எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து உன் நூலோட அந்த முனையில நிக்கறவ யாரு? பாவம், பொண்ணு பிரசவத்துக்கு வருதாம். மாடியில ஒரு ரூம் எடுக்கணுமாம். ஆபீஸ்ல விட மாட்டேங்கறாங்கன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொல்றாங்க, கேட்டுக்கிட்டு நின்னேன். அது குத்தமா?"

"ஏன் விட மாட்டேங்கறாங்களாம்?"

"மரம்தான். வளர்ந்த மரம் நிக்கற மனையில மாடி எடுக்கக் கூடாதாம், வேர் அஸ்திவாரத்துக்கு வந்துடுமாம். சரி, வெட்டிடறேன்னா, வளர்ந்த மரத்தை வெட்டவும் கூடாதாம். போற பக்கமும் பூட்டு, வர்ற பக்கமும் பூட்டு. வேலிக்கு எந்தப் பக்கம் மரமோ அந்த வீட்டு மரம்னுதான் ஆபீஸ்ல பாப்பாங்களாம்."

வேலிக்காரி வேரைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, புது வீட்டுக்காரரின் மொட்டைமாடியைப் பார்த்தாள். தூண்களின் கம்பிகள் வெட்டப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தன. துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்திருந்தது. பின்னால் மாடி எடுக்க நினைப்பவர்தான் கம்பியை அப்படி விட்டுவைப்பார். வேலி தள்ளிப் போனால் டீச்சருக்கு மாடி, அவருக்கு மரம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதோடு, அது உட்கார பெஞ்சும் போடப் பார்க்கிறார் மனிதர்.

"டேப்பை எடு," என்றாள்.

"மறுபடி அளக்கணுமா?" நாத்தனாரின் குரல் இன்னும் விறைப்பாக இருந்தது.

"வேண்டாம். சுத்தி வை. நீ அளந்தது சரியாத்தான் இருக்கும்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். டேப்பைச் சுற்றினாள்.

வாயை மூடிக்கொண்டு போட்டுவிடலாம். இருவரும் சிரித்துக்கொண்டே அனுப்பி வைப்பார்கள். ஆனால் கம்பிகளின் தலையிலிருந்து அந்த பாட்டில்களை எடுக்கும் நாள் ஒன்று வரும். மரம் நிற்கிறது, மாடி கிடையாது என்பார்கள் அலுவலகத்தில். கல்லிலிருந்து அளப்பார்கள். அப்போது டீச்சர் தெரியாது என்பார், வீட்டுக்காரர் நான் கேட்கவில்லை என்பார். நூல் பிடித்தது அந்தப் பொம்பளை. அந்த வாசகம் அவளுக்கு மனப்பாடம்.

மதியம் இருவரையும் குழியருகே கூப்பிட்டாள். "பார்த்துட்டு எங்கே போடணும்னு சொல்லுங்க. அங்கே போடறேன்."

"குழியில என்ன இருக்கு?" என்று எட்டிப் பார்த்தார் வீட்டுக்காரர். "புதையலா?"

"டீச்சர், நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்."

டீச்சர் முதலில் வேரைப் பார்த்தார், பிறகு நாத்தனாரை. அப்படியே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மகள், மாடி, மரம் என்று எல்லாவற்றையும் சொன்னார். வகுப்பு நடத்திய குரல் அல்ல; பாடம் ஒப்பிக்கத் தெரியாமல் பெஞ்சின்மேல் நிற்கிற பிள்ளையின் குரல். "எனக்கு வேற வழி தெரியலைப்பா," என்று முடித்தார்.

வீட்டுக்காரர் தன் மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தார். "அப்போ எனக்கு மாடி..."

"பெஞ்சுதான் சார்," என்றாள் நாத்தனார்.

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் அது டீச்சர் பக்கம் போகவில்லை. "இது உனக்கு எப்போலேருந்து தெரியும்?" என்று வேலிக்காரியிடம் திரும்பினார்.

"இன்னிக்குக் காலையிலதான் சார்."

"நேத்து ஏன் வேலையை இழுத்தடிச்சே? அவங்ககிட்ட பேரம் படியலை, அதான் இப்போ என்கிட்ட நல்லவளா வர்றே."

பிறரைச் சந்தேகித்தே பழகியவளுக்கு, அது தன்மேல் வந்து விழுந்தபோது எங்கே பிடித்து இறக்குவது என்று தெரியவில்லை.  சுண்டுவிரலைக்கூடப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாதேப்பா," என்றார் டீச்சர் உட்கார்ந்தபடியே. "அவ என் வீட்டு டீயைக்கூடத் தொடலை."

 வீட்டுக்காரர் குழியை இன்னொரு முறை பார்த்தார். "கல்லு மேலேயே போடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் எழுந்து முழங்காலில் ஒட்டிய சிமெண்டைத் தட்டினார். "என் ரூமைப் பொண்ணுக்குக் கொடுத்துட்டு நான் ஹால்ல படுத்துக்கறேன். இதுக்குப் போய்..." என்றவர் முடிக்காமல் நடந்தார்.

அந்தக் குழியை மூடி மண்ணை இடித்து இறுக்கினாள் வேலிக்காரி. எல்லை நூலையொட்டி வேறு குழிகள் போட்டாள். குறுக்கே வந்த சிறு வேர்களுக்கு இடம்விட்டுக் கம்பங்களை நூலின் போக்கிலேயே சற்று இப்படியும் அப்படியும் நகர்த்தி நட்டாள், நூலை விட்டு விலகாமல். டீ வரவில்லை. கலவை இறுகும்வரை காத்திருந்து பலகைகளை ஏற்றினாள். கடைசிப் பலகை ஏறியபோது டீச்சர் தன் பக்கம் வந்து, வழவழப்பான முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.  உடனே உள்ளே போகவில்லை.

அலுவலகத்து ஆள் தன் டேப்போடு வந்தார். கல்லிலிருந்து அளந்தார், உயரம் அளந்தார், கம்பத்தைத் தோளால் முட்டிப் பார்த்தார். "மூலை வீட்டுக்காரர் வேலி எப்போன்னு கேட்டுக்கிட்டிருக்கார். போய்ப் பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நாத்தனார் அவளை இடித்தாள். வேலிக்காரி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர் தன் டேப்பை எடுத்து வந்து ஒருமுறை அளந்தார். தன் பக்கம் தெரிந்த சட்டங்களையும் திருகாணித் தலைகளையும் பார்த்தார். "போடறது நான். அழகான பக்கம் அவங்களுக்கா?"

"விதி அப்படி சார். உங்களுக்கு மறுபக்கம் இருக்கற வீட்டுக்காரர் வேலி போட்டா, அழகு உங்களுக்கு."

அவர் தெருவுக்குப் போய், அந்த மறுபக்கத்து வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். அவள் கொல்லைக்குப் போகும் சின்னக் கதவின் சாவிகளைத் துடைத்து நீட்டினாள்.

"ரெண்டுதானா? மூணாவது ஏதும் இருக்கா?"

"கடையில ரெண்டுதான் சார் தந்தாங்க."

அவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பல்லைப் பார்த்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஒரு அடி விலகி நின்றாள்.

"நான் இருக்கும்போதே பூட்டிப் பாத்துடுங்க சார்."

அவர் பூட்டினார். தோளால் தள்ளினார். திறந்தார். மற்ற சாவியாலும் ஒருமுறை பூட்டித் திறந்துவிட்டு, இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.