கதவுச் சந்து

எங்க வீட்டுக்காரர் ஒரு கல்லுளிமங்கன். அவர் கையில இருக்கிற இழைப்புளி போடுற சத்தத்துல கால்வாசிகூட அந்த மனுஷன் வாயிலேர்ந்து வராது. தச்சு வேலை. கதவு போடுறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. மழையில மரம் ஊதும்னு மத்த தச்சருங்க கதவுக்கும் நிலைக்கும் நடுவுல ஒரு காசு நுழையுற அளவுக்குச் சந்து விடுவாங்க. இவரும் அப்படித்தான் விடுவார். தன் தங்கச்சி வீட்டுக் கதவுக்கு மட்டும் ஒரு காகிதம் நுழைய இடம் விடலை. ஏன்னு கேட்டதுக்கு, "குளிராம இருக்கட்டும்"னார். பாசம் கண்ணை மறைச்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

என் நாத்தனார் வீடு பக்கத்துத் தெருதான். எங்க கடலோர ஊரை ஒரு புயல் அடிச்சுது. அதுக்கு முன்னாடியே விடாம மழை. அந்தக் கதவு ஊதி நிலையைக் கவ்விக்கிச்சு. கடல் தெருவுக்குள்ள வந்தப்போ அவ புருஷன் தோளால இடி இடின்னு இடிச்சிருக்கார். அசையல. காத்துல கூரை பிய்ஞ்ச இடத்து வழியா பொண்டாட்டியையும் மகளையும் மேல ஏத்தி விட்டுட்டார். அவரை ஏத்திவிட யாரும் இல்லை. பின்சுவர் அவர் மேலயே சரிஞ்சிருச்சு. தண்ணி வடிஞ்சதும் அந்தக் கதவைக் கோடாலியால பொளந்தது யாருன்னு நினைக்கிறீங்க? போட்ட கைதான்.

அன்னையிலேர்ந்து நாத்தனார் அண்ணன் முகத்தைப் பார்க்கல. எங்கிட்ட பேசுவா, மகளை அனுப்பி வைப்பா, இவர் எதிர்ல வந்தா தலையைத் திருப்பிக்குவா. வீட்டைத் திரும்பக் கட்டினப்போ வாசல்ல ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டா. இவரும் அந்தப் படியை மிதிக்கல. தண்ணிக் குழாய்ல நிக்கிறப்போ நாலு பேர் என் காதுபடவே சொன்னாங்க, "தங்கச்சி குடும்பத்தைக் கெடுத்த கதவு"ன்னு. நான் சண்டைக்குப் போனேன். இவர் வாயைத் திறக்கல.

ஊர்ல பாதி வீட்டுக்குக் கதவு இல்லாததால வேலை மலையாக் குவிஞ்சுது. இவர் போட்டதெல்லாம் விரல் நுழையுற சந்தோட. "இது கதவா, சல்லடையா? எலி எல்லாம் குடும்பத்தோட வருது!"ன்னு பேக்கரிக்காரர் கத்தினார்.

"எலி வந்தா வரட்டும். நீங்க வெளிய போகணும்னா போகலாமில்ல"ன்னார் இவர்.

எனக்குப் பத்திக்கிட்டு வரும். புருஷனைப் பறிகொடுத்தவ மேல கோபப்படவா முடியும்? ஆனா இவர் சோத்துல கையை வெச்சுட்டு அப்படியே எழுந்து போறதைப் பார்த்தா மனசு தாங்காது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே ரெண்டு பேரும் செத்துடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு.

அடுத்த மழைக்காலம் வந்துச்சு. போர்வை என்னத்தைத் தடுக்கும்? சாரல் அடிச்சு மகளுக்குக் காய்ச்சல். நாத்தனார் பட்டறைக்கு வந்தா. "ஒரு கதவு வேணும்"னா, சுவரைப் பார்த்து.

"எவ்வளவு சந்து விடட்டும்?" கூடப் பிறந்தவகிட்ட வாடிக்கைக்காரிகிட்ட கேக்குற மாதிரி கேட்டார் மனுஷன். அவ விறுவிறுன்னு போயிட்டா.

விரல் சந்து விட்டே செஞ்சார். வாசல்ல நின்னபடியே மாட்டினார், உள்ள கால் வைக்கல. அன்னைக்குச் சாயங்காலமே நல்ல மழை. குடையைப் பிடிச்சுக்கிட்டுப் போய் அந்த வாசல்ல நின்னுட்டார். நானும் பின்னாடியே போனேன். உள்ளேர்ந்து நாத்தனார் கதவைத் திறக்கிறா, மூடுறா, திறக்கிறா, மூடுறா. மழை விடாம கொட்டுது. கதவு ஒரு தடவைகூட நிலையில உரசல.

கடைசியாத் திறந்தவ மூடாம நின்னா. அண்ணனை நேராப் பார்த்தா.

"பழைய கதவைக் காசளவுச் சந்து விட்டுத்தானே முதல்ல கொண்டு வந்தே. குளிருது, சந்தே இருக்கக் கூடாதுன்னு அழுது அடம் பிடிச்சவ நான். நீ வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டே. அப்புறம் எந்த முகத்தோட உன்னைப் பார்ப்பேன்? ஊரே உன்னை ஏசினப்போ ஏன்ணா சொல்லலை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கட்டின பொண்டாட்டி எங்கிட்டகூட இந்தக் கல்லுளிமங்கன் மூச்சு விடலையே!

"சொல்லிருந்தா உன்னை ஏசிருப்பாங்கம்மா"ன்னார்.

அவ வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. அப்புறம் கதவை அகலமாத் திறந்து பிடிச்சுக்கிட்டா. "நனையாதே. உள்ள வா"ன்னா. அவர் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனார்.