அம்மாவின் தலைமாட்டுச் செடி

எங்கள் தோட்டத்தில் ஒருவரைப் புதைத்தால் தலைமாட்டில் ஒரு தேயிலைக் கன்று நடுவார்கள். கல் வைப்பதெல்லாம் துரைமாருக்கு. கன்று செடியாகி, மற்றச் செடிகளோடு மட்டமாக வெட்டப்பட்டு, எது யாருடைய தலைமாடு என்று தெரியாமல் போய்விடும். அம்மாவும் அப்படித்தான் காணாமல் போனாள்.

சென்ற வருடம், அம்மாவைப் புதைத்த மலையைப் புரட்டிப் புதிதாகக் கன்று நடப்போவதாகத் தோட்டத்தில் அறிவித்தார்கள். இடத்தைக் காட்டுபவர்கள் அதற்குமுன் சிமெந்துக் கல்லறை கட்டிக்கொள்ளலாம். காட்டாவிட்டால் அம்மாவையும் சேர்த்துப் புரட்டிவிடுவார்கள். நாங்கள் மூன்று பிள்ளைகள். மூவரும் அடக்கத்தில் நின்றவர்கள்.

நான் பதுளையில் நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சாட்சி பேசும்போது மற்றச் சாட்சி வெளியே நிற்க வேண்டும். அதன் காரணத்தை ஓய்வுக்குப் பிறகு உளவியல் நூல்களில்தான் படித்தேன். நினைக்கும் ஒவ்வொரு தடவையும் மூளை அந்தச் சம்பவத்தைப் புதிதாகக் கட்டுகிறதாம். பக்கத்திலிருப்பவர் சொன்னதையும் தான் கண்டதாகவே சேர்த்துப் பூசிவிடுமாம். ஆகவே இருவருக்கும் தொலைபேசியில் சொன்னேன்: இதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசாதீர்கள்.

மொனராகலையிலிருந்து தம்பி முதல் நாளே லுணுகலைக்குப் போய், அக்கா வீட்டில் தங்கி, அவளோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"அக்காவும் நானும் பேசி முடிவு பண்ணிட்டோம்ணே. மழத்தண்ணி ஓடுற கான் ஓரத்துல, கடைசி நெரை."

"போன தீவாளிக்குப் பாறைக்குக் கீழன்னு சொன்னியேடா?"

"நானா? சொல்லவே இல்லண்ணே."

அவன் பொய் சொல்லவில்லை. பொய் என்றால் குறுக்கு விசாரணையில் உடைத்துவிடலாம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மழை. அப்பாவின் ஈரத் துண்டு. குழிக்குப் பின்னால் நீல நிறத் தண்ணீர்த் தாங்கி.

அக்கா சிரித்துவிட்டாள். "அந்தத் தாங்கி நான் கல்யாணமாகிப் போனப்புறம் கட்டுனதுடா. அம்மா போனப்ப நான் பாவாடை கட்டுன புள்ள. பெரிய ஜட்ஜய்யா கணக்கா பேச வந்துட்டான்!"

மேலே ஏறிப்போய்ப் பார்த்தேன். தாங்கியின் நெற்றியில் கட்டிய வருடம் சிமெந்தில் பதிந்திருந்தது. அவள் சொன்னது சரி. என் மூளை யாரிடமும் அனுமதி கேட்காமல் தாங்கி கட்டி, பெயின்டும் அடித்து முடித்திருக்கிறது. அதன்பின் என் சாட்சியத்தை நானே தள்ளுபடி செய்யாவிட்டால் இத்தனை வருட உத்தியோகத்துக்கு என்ன மரியாதை?

கான் ஓரத்தில் கல்லறை கட்டினோம். தலை எந்தப் பக்கம் என்று மேசன் கேட்டபோது இருவருடைய கையும் ஒரே திசையில் நீண்டது. அவ்வளவு உறுதியான சாட்சிகளை நான் கோர்ட்டில்கூடப் பார்த்ததில்லை.

இந்த வருடம் சூடம் கொளுத்தப் போனோம். நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அடக்க நாள் கண்முன் வந்தது. மழை. அப்பாவின் ஈரத் துண்டு. காலடியில் கான் நிறையக் கலங்கல் தண்ணீர். தாங்கியைத் தேடினேன். இல்லை.

"இப்பவாவது ஞாபகம் வருதாடா?" என்றாள் அக்கா.

"வருதுக்கா."

சத்தியமாக வந்தது. மேலே, தாங்கியைச் சுற்றிப் புரட்டிய செம்மண்ணில் புதுக் கன்றுகள் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் திரும்பாமல் இறங்கினேன்.