இசக்கிதுரையின் சம்மதம்

சங்கரேஸ்வரிக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்தது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் பாஷையைப் படித்துத் தேறியவள். அவளுடைய விசா வேலைகள் சிக்கலில்லாமல் முடிந்தன. மகள் ஸ்வாதியைக் கூட்டிப்போகத்தான் அலைச்சல்.

பிறப்புச் சான்றிதழில் 'பெண் குழந்தை' என்று மட்டுமே இருந்தது. பெயரைச் சேர்த்தபோது அப்பா பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று விட்டுப்போனது. மறுபடியும் விண்ணப்பம். பிறகு வெளிநாட்டில் செல்லுபடியாக, சென்னைக்கு அனுப்பி முத்திரை வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் கைக்கு வந்தபோது பையில் வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போனாள். சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை.

பிள்ளை வெளிநாட்டில் குடியிருக்கத் தகப்பன் சம்மதிக்க வேண்டும் என்று விசா அலுவலகத்தில் சொன்னார்கள்.

ஸ்வாதியின் அப்பா இசக்கிதுரை குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டிருந்தான். அவர்கள் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்தவர்கள் இல்லை. ஒரு சீசனில் அவன் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான், அவளும் தேடவில்லை.

ஐந்தருவிப் பக்கம் சாரலில் நனைந்தபடி அவனைக் கண்டுபிடித்தாள். யாருடைய முதுகையோ தேய்த்துக்கொண்டிருந்தான். முடியும்வரை நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு வாரேன்" என்றான்.

வந்தான். தேய்த்த சட்டை போட்டிருந்தான். நோட்டரி வக்கீல் முகம்மது சலீம் பத்திரத்தை வாசித்தார். "என் மகள் தாயாருடன் ஜெர்மனியில் நிரந்தரமாகக் குடியிருக்க எனக்கு ஆட்சேபணை இல்லை..."

"நிரந்தரமாவா?" இசக்கிதுரை அவளைப் பார்த்தான்.

"அப்படித்தான் எழுதணும் தம்பி. இஷ்டமில்லேன்னா சொல்லுங்க" என்றார் சலீம்.

சங்கரேஸ்வரி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துப் பார்த்தாள். பயம்கூட வரவில்லை.

"எங்கன போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, "போறதுக்கு முன்னால பிள்ளைய ஒருநா கூட்டிட்டுப் போவட்டுமா?" என்றான்.

"ஞாயித்துக்கெழம வாங்க."

அந்த ஞாயிறு ஸ்வாதி அருவியில் குளித்து, கை நிறைய ரம்புட்டான் பழத்தோடு திரும்பினாள். "அப்பா பேசவே இல்லம்மா. பழத்த உரிச்சு உரிச்சு குடுத்துக்கிட்டே இருந்தாவ" என்றாள். சங்கரேஸ்வரி அவள் தலையைத் துவட்டிவிட்டாள்.

செங்கோட்டை வழியாகக் காரில் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினார்கள். ஜெர்மனி போனதும் குடியிருப்புப் பதிவு, விரல்ரேகை, மறுபடியும் வரிசை. "குழந்தையின் தந்தை எங்கே?" என்று அலுவலகப் பெண் கேட்டாள். "இந்தியாவில்" என்று சங்கரேஸ்வரி அவர்கள் பாஷையிலேயே சொன்னாள். உச்சரிப்பு சரியாக இருந்தது.

பனிக்காலத்தில் இருவருக்கும் குடியிருப்பு அட்டை வந்தது. ஸ்வாதி தன் போட்டோ நன்றாக இல்லை என்று சிணுங்கினாள். சங்கரேஸ்வரி இரண்டையும் படம் எடுத்து இசக்கிதுரைக்கு அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. அவள் அட்டைகளை அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் ஷிப்டுக்கு உடுப்பைத் தேய்க்கப் போனாள்.