மெல்பேர்னில் ஒரு ஜெர்மன் ஓபெரா: அண்ணாவுடன் 880 கிலோமீற்றர்

இது ஊர் பார்க்கும் ஆசையில் கிளம்பிய பயணம் இல்லை. முதியோர் இல்லத்தில் ஆறு நாள் தொடர்ந்து வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் மெல்பேர்னுக்குக் கார் ஓட்ட எந்த மடைச்சிக்கும் ஆசை வராது. காரணம் அண்ணா. ஜெர்மனியில் டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஹாகன் என்றொரு நகரம். அங்கே நாடகமும் ஓபெரா என்ற இசைநாடகமும் நடக்கும் தியேட்டரில் இருபத்தெட்டு வருடம் செட்டுகளைக் கட்டித் தள்ளும் மேடைத் தொழிலாளியாக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். அண்ணி இறந்து நாலு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. மூன்று மாத விசாவில் சிட்னிக்கு வந்து, வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டில் இருந்தார். அவர் இங்கேயே வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தனியாக இருக்கும் வயதானவர்கள் குளியலறையில் விழுந்து கிடந்த கதைகளைத் தினமும் கேட்கிறவள் நான். அவர் ‘ஓம், வாறன்’ என்று ஒரு சொல் சொன்னால் விசா வேலையைத் தொடங்கிவிடலாம். கேட்டால் “பாப்பம்” என்பார். அவர் திரும்பும் விமானத்துக்கு ஆறு நாள்தான் மிச்சம்.

பின்னேரம் ஐந்தரை ஆனால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. வாசலுக்கும் குசினிக்குமாக நடப்பார். அது அவர் வேலைக்குப் போன நேரம். தியேட்டர் இல்லாததுதான் குறை என்று நினைத்தேன். அந்த மாதம் சிட்னியில் ஒன்றும் அகப்படவில்லை. மெல்பேர்னில் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஒரு ஜெர்மன் ஓபெரா இருந்தது. மேல்மாடியில் ஆளுக்கு 129 டொலர். இங்கேயும் இதெல்லாம் இருக்கிறது என்று காட்டினால் ஆள் மசிந்துவிடுவார் என்று நம்பி இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

விமானத்தில் போயிருக்கலாமே என்பீர்கள். நாடு பார்க்க வேண்டும் என்றார் அண்ணா. வெள்ளி காலை 5.10க்குக் கிளம்பினோம். 7.20க்கு கூல்பேர்னில் கோப்பி. நாடு பார்க்க வந்தவர் அதோடு நித்திரையாகிவிட்டார். நான் ஹியூம் நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோடுகளையும் வேகக் கமெராக்களையும் பார்த்தபடி ஓட்டினேன். முதுகு விண்விண் என்றது. 550ஆவது கிலோமீற்றரில் அல்பெரி. அங்கே ஒரு பூங்காவில் இடியப்பப் பார்சலைப் பிரித்தபோதுதான் அண்ணா வாய் திறந்தார்.

“அங்க எங்கட தியேட்டரில கிழமைக்கு நாலைஞ்சு நாள் ஏதாவது நடக்கும். இண்டைக்கு ஓபெரா, நாளைக்கு நாடகம், ஞாயிறு காலமை சின்னப் பிள்ளையளுக்குக் கதை. ஒண்டின்ரை செட்டைப் பிரிச்சு அடுக்கிப்போட்டு மற்றதைக் கட்டுவம்.”

“இவ்வளவையும் ஆர் பாக்கிறது?”

“ஆர் பாக்காதது எண்டு கேள். பஸ் ஓடுறவன், பேக்கரியில நிக்கிறவள், எல்லாரும் வருஷச் சந்தா வச்சிருக்கினம். வருஷம் முழுக்க அதே கதிரைதான்.”

மூன்று மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. எனக்கு நம்பிக்கை வந்தது. மாலை 4.45க்கு மெல்பேர்னின் புறநகரான ட்ருகனினாவில் என் கணவரின் மச்சான் வீட்டை அடைந்தோம். போகும் வழியில் பெற்றோலுக்கு 118 டொலர் ஆனது. படுத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

சனி காலை வில்லியம்ஸ் லாண்டிங் நிலையத்தில் காரை விட்டு ரயில் எடுத்தோம். நகரத்துக்கு நாற்பது நிமிடத்துக்குள். ஆற்றுப் பாலத்தைக் கடந்து தியேட்டருக்குப் பத்து நிமிட நடை. அண்ணா கறுப்புச் சட்டை போட்டிருந்தார். மேடைக்குப் பின்னால் நிற்கிறவர்கள் கறுப்புத்தான் போடுவார்களாம்.

இரண்டாம் அங்கத்தில் பாடகி ஒரு நாற்காலியில் தனியாக இருந்தாள். புல்லாங்குழல் இசை மெல்ல எழுந்தது. பக்கத்தில் அண்ணாவின் இரண்டு கைகளும் உயர்ந்து, முன்கதிரையின் முதுகை நிதானமாகத் தள்ளின. முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். மேடையில் ஒன்றும் அசையவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இடைவேளையில் கோப்பிக்கு வரிசையில் பதினைந்து நிமிடம் நின்றோம்.

“இதே ஓபெராவில, அந்தப் புல்லாங்குழலோட அங்க நான் ஒரு செட் சுவரைத் தள்ளோணும்,” என்றார். “இங்க வேற மாதிரிச் செய்திருக்கினம். அறுபது தரமாவது தள்ளியிருப்பன். அந்த இடத்தில பாடுறவ என்ன முகத்தோட பாடுறா எண்டு இண்டைக்குத்தான் பாத்தனான்.”

“ஒருநாளும் முன்னால இருந்து பாக்கேல்லையோ?”

“இல்லை.” கோப்பியைக் கையில் வாங்கியும் குடிக்கவில்லை. “உன்ரை அண்ணி சந்தா வச்சிருந்தவள். மூண்டாம் வரிசையில இடப்பக்க மூலை. பாதி மேடை மறைக்கும். நடுவில எடுத்துத் தாறன் எண்டாலும் மாட்டன் எண்டிடுவாள். ஒருநாள் லீவு போட்டுட்டு எனக்குப் பக்கத்தில வந்து இருங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டவள். பென்சன் எடுத்தாப்பிறகு இருப்பம் எண்டு சொல்லிப்போட்டன்.”

மணி அடித்தார்கள், உள்ளே போனோம். மிச்ச ஓபெரா முழுவதும் அவர் கைகளை மடியில் வைத்திருந்தார்.

திரும்பும்போது பாலத்தில் நின்றார்.

“நான் போகோணும், பிள்ளை. அந்த மூலையில ஒருக்கா இருந்து பாக்கோணும்.”

“பாத்திட்டு வருவீங்களோ?”

“பாப்பம்.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒருவரை இங்கே பிடித்து வைக்கவென்று 880 கிலோமீற்றர் ஓட்டி, அவர் திரும்பிப் போவதற்கு நானே வழி செய்திருந்தேன். ஞாயிறு முழுவதும் ஓட்டி சிட்னிக்குத் திரும்பினோம். வியாழன் விமானம் ஏற்றிவிட்டு நேரே வேலைக்குப் போனேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். ஒரே நாளில் ஓட்டாதீர்கள், அல்பெரியில் ஒரு இரவு தங்குங்கள். ஐம்பது தாண்டியவர்கள் கட்டாயம் தங்குங்கள். ஓபெரா இடைவேளையோடு மூன்று மணி நேரமும் பத்து நிமிடமும். மேல்மாடிப் படிகள் செங்குத்து, முழங்கால் நோ உள்ளவர்கள் காசைப் பார்க்காமல் கீழே எடுங்கள். மேடைக்கு மேலே ஆங்கிலத்தில் வரிகள் ஓடும், ஜெர்மன் தெரியாவிட்டாலும் கதை புரியும்.

போன கிழமை அண்ணா அழைத்தார். அண்ணியின் கதிரை இப்போது ஒரு ஜெர்மன்காரரின் சந்தாவாம். அண்ணா பக்கத்துக் கதிரையை வாங்கியிருக்கிறார். இடைவேளையில் விடயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் எழுந்து இடம் மாறி இருந்தாராம்.

“என்ன தெரிஞ்சது அங்கயிருந்து?” என்று கேட்டேன்.



“மேடை பாதிதான் தெரியுது, பிள்ளை. ஆனா வலப்பக்கத் திரைக்குப் பின்னால, நான் சுவரைத் தள்ள நிண்ட இடம் முழுசாத் தெரியுது.”