இருபதில் ஒன்று குறைந்தது

ஆமையைப் பற்றி நல்லதாக நாலு வரி வேண்டும் என்று எங்கள் மருத்துவமனை ஆண்டு மலர்க்காரர்கள் கேட்டார்கள். வெளிநாட்டு மருத்துவமனைக்குத் தேர்வாகிப் போகிறாள், எங்களுக்கெல்லாம் பெருமையாம். பொறுமைசாலி, உழைப்பாளி, சிரித்த முகம் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றுமில்லை. எழுதாமல் விட்டதுதான் அசிங்கம். அதை இங்கே எழுதுகிறேன்.

ஆமை என்பது ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்கு வைத்த பெயர். எதையும் இரண்டு தடவை பார்ப்பாள். வேலை முடிந்து அலமாரியைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். "வாடி, பஸ் போயிடும்!" என்று கூட வருகிறவர்கள் கத்துவார்கள். பஸ்ஸும் போய்விடும். அவள் அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபின் வீட்டோடு கிடந்தார். அம்மா தையல் ஆலையில். கீழே இரண்டு தங்கைகள். இவள் மூன்று வருடமாக ஒப்பந்த நர்ஸ். இது நடந்த வருடம்தான் வேலை நிரந்தரமாகும் பட்டியலில் இவள் பெயர் ஏறியிருந்தது. "ஆர்டர் வந்துடுச்சாம்மா?" என்று அப்பா தினமும் வாசலிலேயே கேட்பாராம்.

நான் யார்? பதினேழு வருடம் வெளிநாட்டுத் தியேட்டர்களில் வேலை பார்த்துவிட்டு, பயிற்சி கொடுத்து இங்குள்ள நர்ஸ்களைத் தலைநிமிர வைக்கப் போகிறேன் என்று வந்து இறங்கியவள். ஐயோ, என்ன மிதப்பு! 'அங்கெல்லாம்' என்று ஆரம்பிக்காமல் எனக்கு ஒரு வாக்கியம் வராது. என் முதுகுக்குப் பின்னால் 'அங்கெல்லாம் மேடம்' என்றுதான் பேச்சு. அது தெரிந்தும் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் ரத்தம் ஒற்ற, எக்ஸ்ரேயில் தெரியும் இழை வைத்த துணிகளை உள்ளே வைப்பார்கள். ஆரம்பத்தில் எத்தனை எடுத்தோமோ, வயிற்றை மூடும் முன் அத்தனையும் வெளியே வந்துவிட்டதா என்று நர்ஸ்கள் இரண்டு பேர் எண்ண வேண்டும். முதல் வகுப்பிலேயே கரடியாகக் கத்தினேன். "ஒண்ணு குறைஞ்சாலும் தையல் ஊசியைக் கொடுக்காதீங்க. கடவுளே வந்து கை நீட்டினாலும் கொடுக்காதீங்க!" எல்லாரும் சிரித்தார்கள். ஆமை மட்டும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலை. படுத்திருந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆயா. பெரிய டாக்டர் அடுத்து ஒரு கூட்டத்துக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். ஆமை கருவி மேசையில். நான் அவள் பக்கத்தில், கையுறையோடு, இரண்டாவது ஆளாக.

"சார், இருபதுல ஒண்ணு குறையுது" என்றாள் ஆமை.

"மறுபடி எண்ணு."

எண்ணினாள். நானும் எண்ணினேன். பத்தொன்பதுதான்.

"உள்ள ஒண்ணும் இல்ல, நான் பாத்துட்டேன். ஊசியைக் கொடு."

"எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துடலாம் சார்."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அவள் ஊசித் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். கை நகரவில்லை. டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன மேடம், எண்ணத் தெரியாதவங்களை எல்லாம் எதுக்கு உள்ள விடுறீங்க? இதுதான் உங்க ட்ரெய்னிங்கா?"

என் பயிற்சித் திட்டம் இன்னொரு வருடம் தொடர அவர் கையெழுத்து வேண்டும். அந்த நிமிடம் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, வயிறு திறந்து கிடந்த ஆயா அல்ல. "ஆரம்பத்துல தப்பா எண்ணியிருப்பா சார்" என்றேன். "நகரு" என்று ஆமையின் கையைத் தள்ளிவிட்டு ஊசியை நானே எடுத்துக் கொடுத்தேன். எண்ணிக்கைத் தாளில் 'சரி' என்று எழுதியதும் நான்தான்.

அங்கே பதினேழு வருடத்தில் நான் ஒரு டாக்டரையும் எதிர்த்து நின்றதில்லை. நிற்க வேண்டிய தேவையே வரவில்லை. அங்கே டாக்டரே "கணக்குச் சரியா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த இடத்தின் தைரியத்தை என் தைரியம் என்று நினைத்து ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன். வெட்கங்கெட்டவள்.

மூன்றாம் நாள் ஆயாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. எக்ஸ்ரேயில் கல்லீரலுக்கு அடியில் துணி சுருண்டு கிடந்தது. மறுபடி திறந்து எடுத்தார்கள். பிழைத்துவிட்டார், இரண்டு மாதம் படுக்கையில் கிடந்து.

விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தனக்கு எதுவும் காதில் விழவில்லை என்று மயக்க மருந்து கொடுத்த டாக்டர் சொல்லிவிட்டார். "ஒண்ணு குறையுதுன்னு சொன்னேன், ஊசி தர மாட்டேன்னும் சொன்னேன்" என்றாள் ஆமை. "தாள்ல சரின்னு இருக்கே?" என்று என்னைக் கேட்டார்கள்.

"அவ சரின்னு சொன்னா, நான் எழுதினேன் சார்."

நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை, குரல் உடையவில்லை. சரளமாக வந்தது. ஆமை திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்து ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பவள் போலப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

கவனக்குறைவு என்று எழுதி அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். துணி வெளுக்கும் பிரிவில் போட்டார்கள். அங்கே படுக்கை விரிப்பு எண்ணிக்கொண்டே ஒன்றரை வருடம் ஆங்கிலமும் வெளிநாட்டு நர்ஸ் தேர்வுக்கான பாடமும் படித்தாள். என் திட்டம் தொடர்ந்தது. நர்ஸ் தொழிலை உயர்த்துவது எப்படி என்று மூன்று மேடைகளில் பேசினேன்.

போன வாரம் அலமாரிச் சாவியை ஒப்படைக்க என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன். நான் கடைசியாக வேலை பார்த்த அதே இடத்தின் பெயரைச் சொன்னாள்.

"இன்டர்வியூல ஒண்ணு கேட்டாங்க மேடம். பெரியவங்க சொல்லியும் பேஷன்டுக்காக முடியாதுன்னு நின்ன அனுபவம் இருக்கான்னு. அன்னைக்கு நடந்ததைச் சொன்னேன்."

என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அப்போதும் என் பெயரைப் பற்றித்தான் கவலைப்பட்டேன், பாருங்கள்.

"என் பேரைச் சொன்னியா?"

"சொன்னேன். ஊசியைக் கொடுக்கக் கூடாதுன்னு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டாங்க. நீங்கன்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

"அப்புறம்?"

"அப்ப ஊசியை எடுத்துக் கொடுத்தது யாருன்னும் கேட்டாங்க." சாவியை மேசைமேல் வைத்தாள். "அதுக்கும் அதே பேரைச் சொன்னா நான் பொய் சொல்றேன்னு நினைச்சுடுவாங்க. அதனால சொல்லலை."